அடுத்த வசனம்

ஒரு நூலைக் கற்பதற்கு இரு வழிகள் உண்டு. தனியே அமர்ந்து கற்பது ஒன்று. பலரோடு கூடியிருந்து கற்பது மற்றொன்று. தனிமையிற் கற்பவனுக்கு அமைதி கிடைக்கும். அத்துடன், தன் மனத்துக்கு இசைந்ததை எடுத்துக்கொண்டு இசையாததைக் கடந்து செல்லும் வசதியும் கிடைத்துவிடும். கூட்டத்திற் கற்பவனுக்குத் துணை கிடைக்கும். ஆயினும், உரத்த குரலில் ஒருவர் சொல்வதையே நூல் சொல்வதாக எண்ணிவிடும் ஆபத்தும் உடன் வரும். எந்நூலுக்கும் பொருந்தும் இவ்வுண்மை சமய நூல்களுக்கு மிகுதியும் பொருந்தும். பைபிளை வாசித்தும் வாசித்துக் காட்டியும் நான் பெற்ற அநுபவத்தைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

“சைவராகிய உமக்கு இது எதற்கு?” என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் தமிழ் பைபிளின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிராது. நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் விளங்கியவர். அப்பாடசாலையை நடத்திய பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழிற் பெயர்த்தபோது அவருக்கு உறுதுணையாய் நின்றவர் நாவலரே. அதனால் அவர் கிறிஸ்தவரானாரா? இல்லை. 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ என்னும் நூலை வெளியிட்டு மிஷனரிமாருக்கு மறுமொழி கூறினார். அம்மறுமொழிக்கு வலிமை எங்கிருந்து வந்தது? பழைய ஏற்பாட்டிற் கூறப்படும் ஆலய வழிபாட்டு முறைகளை எடுத்துக்காட்டி, அவற்றோடு சைவ வழிபாட்டை ஒப்பிட்டு அவர் வாதித்தார். மறுக்க வந்தவரும் முதலிற் கற்றார் என்பதே நாம் மனங்கொள்ள வேண்டியது.

மலைநாட்டுக்கு இந்நூல் வந்த வழி வேறு. கோப்பித் தோட்டக் காலத்திலே, 1854ஆம் ஆண்டில், தொழிலாளருக்கென ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கப்பெற்றது. அப்பெயரிலுள்ள ‘கூலி’ என்னும் சொல்லே அக்காலத்து மனப்போக்கைக் காட்டப் போதுமானது. திருநெல்வேலியிலிருந்து வரவழைக்கப்பட்ட உபதேசிமார் தோட்டந்தோட்டமாய் நடந்து சென்று இந்நூலை வாசித்துக் காட்டினர். கேட்டவர்களிற் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். ஆகவே, மலைநாட்டில் வேதவாசிப்பு என்பது தொடக்கத்திலிருந்தே ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் கூட்டு வாசிப்பாகவே இருந்தது.

இஃது எம்மவர்க்குப் புதியதுமன்று. தோட்டத்து மாரியம்மன் கோயிலிலும் லயத்து இஸ்தோப்பிலும் பெரிய எழுத்துப் பாரதத்தை ஒருவர் இராகமிட்டு வாசிக்க, நாள் முழுவதும் மலையேறி இறங்கிய களைப்போடு மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்டதுண்டு. யாழ்ப்பாணத்திலே கந்தபுராணத்தை ஒருவர் படிக்க மற்றொருவர் பயன் சொல்வது கோயில் வழக்கம். கற்றவன் வாசிக்கக் கல்லாதவன் கேட்பது நம் மரபு. அம்மரபிலே வாசிப்பவனுடைய பொறுப்பு மிகப் பெரியது. ஏனெனில், அவன் எதை விட்டுவிடுகிறான் என்பது கேட்பவனுக்குத் தெரியாது.

இவ்வுண்மையை எனக்குப் பாடமாக்கியவர் என் சிற்றன்னையார். டிக்கோயாவை அடுத்த ஒரு தோட்டத்திலே முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவர். பிள்ளைப் பிராயத்தில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்டதால், தம் பெயரை எழுதுவதற்கு மேல் அவர் எழுத்துக் கற்கவில்லை. சிற்றப்பா காலமான பின்னர், பக்கத்து லயத்திலிருந்த ஜெபக் கூட்டத்துப் பெண்கள் மாலைதோறும் வந்து அவருக்குத் துணையாய் இருந்தனர். அவரும் அவர்களுடைய கூட்டத்துக்குப் போகத் தொடங்கினார். மூத்த மகனோ கோயிற் கமிட்டியில் இருப்பவன். வீட்டிலே பேச்சுக் குறைந்தது; பின்னர் அடுப்பும் இரண்டாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி என்னிடம் ஒரு பைபிளைக் கொண்டுவந்து நீட்டினார்.

“தம்பி, இதை நீ எனக்கு வாசிச்சுக் காட்டு.”

“கூட்டத்திலேதான் வாசிக்கிறார்களே, சித்தி?”

“அவங்க எனக்குப் புடிச்சதா பாத்து வாசிக்கிறாங்க. பெரியவன் கேட்டா புடிக்காததா பாத்து வாசிப்பான். நீ வாத்தியாரு. என்னய அந்தப் பக்கமும் இழுக்க மாட்ட, இந்தப் பக்கமும் இழுக்க மாட்ட. இருக்கிறத வாசி.”

இப்படியாக ஞாயிறுதோறும் மாலையில் எங்கள் வாசிப்புத் தொடங்கியது. முதலில் நானும் அவருந்தான் இருந்தோம். பிறகு அயல் வீட்டார் இருவர் சேர்ந்தனர். மாணவன் ஒருவன் வந்தான். ஜெபக் கூட்டத்தை நடத்தும் பெரியவரும் சில நாட்களில் வந்து ஒரு பக்கமாய் உட்கார்ந்தார்.

முதலில் ரூத்தின் சரித்திரத்தை எடுத்துக்கொண்டோம். நான்கே அதிகாரங்கள், ஒரே அமர்விலே வாசித்துவிடலாம். பெத்லகேமிலே பஞ்சம் உண்டாக, நகோமி என்பவள் கணவனோடும் இரு புதல்வரோடும் மோவாப் நாட்டுக்குப் பிழைக்கப் போகிறாள். அங்கே கணவனையும் புதல்வரையும் இழக்கிறாள். ஊர் திரும்பும் வழியில், மருமக்கள் இருவரையும் தாய்வீடு போகச் சொல்கிறாள். ஒருத்தி அழுது விடைபெறுகிறாள். மற்றொருத்தியாகிய ரூத் மாமியாரை விட்டுப் பிரிய மறுக்கிறாள். அவள் அந்நிய நாட்டிலே பிறர் வயலிற் கதிர் பொறுக்கி மாமியாரைக் காப்பாற்றுகிறாள்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தையும், அதுபோன்ற வறட்சிகளையும் தப்பிக் கடல் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு இக்கதை அந்நியமாகுமா? மூன்று பெண்களும் வழியிலே நின்று அழும் இடத்தை நான் வாசித்தபோது, சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. அதன்படி 1970களில் அவருடைய தமக்கையார் குடும்பம் தலைமன்னார் போய்க் கப்பலேறியது. கோச்சி புறப்பட்டபோது ஹட்டன் ஸ்டேஷனில் நின்று அழுதவர்களுள் சித்தியும் ஒருவர்.

வாசித்து முடித்ததும் அவர் கேட்ட கேள்வி என் நினைவை விட்டு நீங்குவதில்லை.

“கடைசியில அந்தப் பொண்ணுக்குப் பிரஜாவுரிமை கெடச்சிச்சா?”

நான் சிரிக்கவில்லை. அந்நூல் முழுவதற்கும் அதுவே நடுவான கேள்வி. உபாகமம் 23ஆம் அதிகாரம் மோவாபியரைச் சபைக்குட் சேர்க்கலாகாது என்கிறது. ரூத்தின் சரித்திரமோ, அந்த மோவாபியப் பெண்ணே தாவீது அரசனுடைய பூட்டி என்று சொல்லி முடிகிறது. ஒரே வேதாகமத்துள் இவ்விரண்டும் இருக்கின்றன. ஒரு பகுதியை மற்றொரு பகுதியோடு வைத்துப் படித்தாலன்றி, நூல் தன்னோடு தானே நடத்தும் உரையாடல் நம் காதில் விழாது. அன்று சித்திக்கு நான் சொன்ன விடை சிறியது: “அவளுடைய பூட்டன் பிள்ளை ராசாவானான், சித்தி.”

மற்றொரு நாள் மத்தேயு 20ஆம் அதிகாரத்தை வாசித்தோம். திராட்சைத் தோட்டக்காரன் ஒருவன் விடியற்காலையிற் சிலரையும், பின்னர் வெவ்வேறு நேரங்களிற் சிலரையும், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது சிலரையும் வேலைக்கு அழைக்கிறான். மாலையில் எல்லாருக்கும் ஒரே கூலி கொடுக்கிறான். காலையில் வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். நூலகத்தில் இருந்து நான் தனியே படித்தபோது இதனை இறையருளுக்கு ஓர் உவமையாக மட்டுமே கண்டிருந்தேன். கொழுந்து மடுவத்திலே தராசின் முன் நின்று பழகியவர்களோ இதனைக் கேட்ட மாத்திரத்தில் வழக்காடத் தொடங்கிவிட்டனர். தேயிலைத் தோட்டத்திலே ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலைக்குரிய பதிவு. எடை குறைந்தால் அரைப்பேர். நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வேதன சபை 2021இல் விதித்த பின்னரும் அந்த அரைப்பேர்த் தொல்லை ஓயவில்லை.

“விடியக் காலையில பனியில நின்னவளுக்கும் ஒரு பேரு, அந்தியில வந்தவளுக்கும் ஒரு பேரா? இது என்னா நாயம்?” என்றாள் அயல் வீட்டுப் பெண். “சொன்ன சம்பளத்தக் கொறைக்கலையே?” என்றார் ஜெபக் கூட்டத்துப் பெரியவர். நெடுநேரம் வாதம் நடந்தது. சித்தி கடைசியாகப் பேசினார்: “அந்தியில வந்தவ வீட்டிலயும் ஒல ஒண்ணுதானே வைக்கணும்? அரைப்பேர வச்சு அரை வயிறா சமைக்கிறது?” நியாயம் வேறு, கருணை வேறு என்று நாம் பிரித்துப் பேசுகிறோம்; இரண்டும் சந்திக்கும் இடத்தை ஓர் அடுப்பங்கரையிலிருந்து அவர் காட்டிவிட்டார். கூட்டத்திற் கற்பதன் பெரும்பயன் இதுவே. என் அறிவுக்கு எட்டாதது மற்றொருவரின் வாழ்க்கைக்கு எட்டிவிடுகிறது.

இனி, சோதனை வந்த கதையைச் சொல்கிறேன்.

அவ்வாண்டு மாரியம்மன் திருவிழா நெருங்கியது. வெளியூரிலிருந்து ஜெபக் கூட்டத்துக்கு வந்த பிரசங்கியார் ஒருவர், “படையல் நடக்கும் நாளிலே அந்த வீடுகளின் வாசற்படியையும் மிதிக்கலாகாது, வேதம் அப்படித்தான் சொல்கிறது” என்று கூறிச் சென்றுவிட்டார். இது மூத்த மகன் காதுக்கு எட்டியது. “திருவிழாவுக்கு வராத அம்மா பிறகு ஒருபோதும் வரவேண்டாம்” என்று அவன் சொல்லியனுப்பினான். மறுநாள் என்னைத் தேடி வந்தான்.

“அண்ணே, அம்மா ஒங்க பேச்சத்தான் கேக்கும். கோயில் சோறு திங்கலாம்னு அதில எங்கயாவது எழுதியிருக்கும். அதப் பாத்து வாசிச்சிருங்க.”

எழுதியிருக்கத்தான் செய்தது. கொரிந்து என்பது கிரேக்க நாட்டுத் துறைமுகப்பட்டினம். அங்கே புதிதாய்க் கிறிஸ்தவரானவர்கள், கோயில் வழிபாடு செய்யும் சுற்றத்தாரிடையே வாழ்ந்தார்கள். படைத்த உணவை உண்ணலாமா என்பது அவர்களுக்கு ஏட்டுக் கேள்வியன்று. அன்றாடம் பந்தியில் எழும் கேள்வி. கி.பி. 50களிலே பவுல் அவர்களுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8ஆம், 10ஆம் அதிகாரங்கள் இதனை ஆராய்கின்றன. 10ஆம் அதிகாரத்தின் 27ஆம் வசனம், நம்பிக்கையில்லாத ஒருவர் விருந்துக்கு அழைத்து, உங்களுக்கும் போக மனமிருந்தால், பரிமாறுவதை ஒன்றும் விசாரியாமல் உண்ணலாம் என்னும் பொருளுடையது.

அவ்வசனத்தை நான் வாசித்தபோது சித்தியின் முகம் மலர்ந்தது. தம்பி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவ்விடத்திலே நூலை மூடியிருந்தால் எங்கள் குடும்பம் அன்றைக்கே ஒன்றாகியிருக்கும். என் விரலோ 28ஆம் வசனத்தின் மேலிருந்தது. இது படைக்கப்பட்டது என்று யாரேனும் சொன்னால், சொன்னவர் பொருட்டும் மனச்சாட்சியின் பொருட்டும் அதனை உண்ணாதிருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. எங்கே நிறுத்தினேன் என்பது சித்திக்குத் தெரியவராது. ஆனால் எழுத்தறியாத ஒருவர் என் வாயைத் தம் கண்ணாகக் கொண்டிருக்கிறார்; அந்தக் கண்ணை நான் மூடலாமா?

அடுத்த வசனத்தையும் வாசித்தேன். பின்னர் அதிகாரத்தின் முற்பகுதிக்குச் சென்று, விக்கிரக வழிபாட்டைக் குறித்த கடுமையான சொற்களையும் குரலைத் தாழ்த்தாமல் வாசித்தேன். நாள்தோறும் திருநீறணியும் எனக்கு அவை செவிக்கினியனவல்ல. ஆயினும் அவை அங்கே எழுதப்பட்டிருக்கின்றன. பிறகு 8ஆம் அதிகாரத்தையும் வாசித்தேன்; அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ மனிதரை வளர்க்கும் என்னும் பொருளோடு அது தொடங்குகிறது.

சித்தி நெடுநேரம் பேசவில்லை. பின்னர் கேட்டார்: “அப்ப, போகவேணாம்னு சொல்லல. படைச்சதுன்னு தெரிஞ்சா திங்கவேணாம்னு சொல்லுது. அவ்வளவுதானா?”

“நான் வாசித்த இடத்தில் அவ்வளவுதான் இருக்கிறது, சித்தி.”

தம்பி ஒன்றும் சொல்லாமற் போய்விட்டான். அவனுக்கு என்மேல் வருத்தம். சித்தி மறுநாள் ஜெபக் கூட்டத்திலே, “வாசற்படிய மிதிக்கக்கூடாதுன்னு எந்த எடத்தில எழுதியிருக்கு?” என்று கேட்டாராம். அப்பெரியவர் நேர்மையாளர். அந்த அதிகாரங்களைத் தாமே எல்லார் முன்னிலையிலும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்துவிட்டு, “அம்மா போய் வரட்டும்” என்றார்.

திருவிழா நாளிலே சித்தி மகன் வீட்டுக்குப் போனார். படையலிடுவதற்கு முன்பே மருமகள் ஒரு சட்டியிற் சோறும் கறியும் தனியே எடுத்து மூடி வைத்திருந்தாள். எடுத்து வைக்கச் சொன்னவன் தம்பிதான். எல்லாரும் ஒரே பந்தியில் இருந்தனர். நான் படையற்சோறு உண்டேன். சித்தி தனிச்சோறு உண்டார். அடுத்த ஆண்டு அவர் ஞானஸ்நானம் பெற்றார். குடும்பத்தார் விரும்பிய முடிவு அதுவன்று; ஆனால் அவர் தெரிந்தெடுத்த முடிவு. நான் போயிருந்தேன். தம்பியும் வந்து பின்வரிசையில் நின்றான்.

மாணவர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன். பைபிளைத் தனியே கற்க முற்படுவோர் ஒரு வசனத்தைப் பிடுங்கி எடுத்துப் பொருள் சொல்லலாகாது. வசன எண்கள் மூலநூலில் இருந்தவையல்ல. இன்று வழங்கும் எண் முறை 16ஆம் நூற்றாண்டிலே ஏற்பட்டது. ஆகவே, ஒரு பகுதியைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருமுறை வாசித்த பின்னரே நுணுகிப் பார்க்க வேண்டும். யார், யாருக்கு, எந்நிலையிற் சொன்னது என்று கேட்க வேண்டும். இரண்டு மொழிபெயர்ப்புக்களை அருகருகே வைத்துக்கொள்வது நன்று. ஹென்றி பவர் முதலானோர் 1871இல் நிறைவேற்றிய பழைய மொழிபெயர்ப்பிலே ‘கிருபை’, ‘சுவிசேஷம்’, ‘நீதிமான்’ முதலிய வடசொற்கள் மிகுதி. கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் இணைந்து 1995இல் வெளியிட்ட ‘திருவிவிலியம்’ அவற்றுக்கு ‘அருள்’, ‘நற்செய்தி’, ‘நேர்மையாளர்’ போன்ற எளிய சொற்களைத் தருகிறது. இரண்டையும் ஒப்பிடுவது வேதபாடம் மட்டுமன்று, நல்லதொரு தமிழ்ப்பாடமுமாகும்.

கூடிக் கற்போர்க்கு இரண்டு ஒழுங்குகள் போதும். “எங்கே எழுதியிருக்கிறது?” என்று கேட்கும் உரிமை, கூட்டத்திலுள்ள எழுத்தறியாதவருக்கும் இருக்க வேண்டும். வழிநடத்துபவர் கடைசியாகப் பேச வேண்டும். அவர் முதலிற் பேசிவிட்டால் மற்றவர்கள் வாய் திறவார்.

இவை பைபிளுக்கு மாத்திரமல்ல. திருக்குறளுக்கும் கீதைக்கும் குர்ஆனுக்கும் தேவாரத்துக்கும் பொருந்தும். நமக்குச் சாதகமான வரியோடு நூலை மூடுவது எளிது. மேடைகளிலும் வீடுகளிலும் அதுவே நாள்தோறும் நடக்கிறது. லயத்திலே இந்து வீட்டுக்கும் கிறிஸ்தவ வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். இப்பக்கத்துப் பேச்சு அப்பக்கம் கேட்கும். அயலார் நூலில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முழுவதும் அறிந்தவர்கள், அந்தச் சுவருக்கு இருபுறமும் நான்கு பேராவது இருத்தல் வேண்டும். பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் வாசிக்கத் தெரியாத பாட்டியோ சித்தியோ இருப்பார். அவர் கேட்கும் நூலை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். நிறுத்தத் தோன்றும் இடத்தில் நிறுத்தாதீர்கள். அடுத்த வசனத்தையும் வாசியுங்கள்.